அம்மா, நான் எந்த வேலைக்குப் போகட்டும்?

கத்திக் கத்தியே என்னை ஆளாக்கிய என் அம்மாவுக்கு,

வருகிற மாதம் உனக்கு முதல் திவசம். பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு நாலு வரி எழுத வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். நம்மிடம் உன் படம் ஏது? அடையாளக் கார்டுக்கு எடுத்ததில் மிஞ்சியது ஒன்றுதான் இருக்கிறது. அதில் போட்டோக்காரனை அடிக்கப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறாய். அதைப் போட்டால் படிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். படம் வேண்டாம், நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊரே படிக்கும். கோபப்படாதே.

முதலில் நல்ல சேதி. நம்ம பக்கத்தில் ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். லாபு சுற்று வட்டாரத்தில் இனி பயமில்லை என்று அறிவித்துவிட்டார்கள். சாயங்காலமானால் தோட்டத்துக் கேட்டைப் பூட்டுவதில்லை. முள்கம்பி இன்னும் அப்படியே நிற்கிறது, ஆனால் அதில் பெண்கள் துணி காயப்போடுகிறார்கள். நீ இருந்திருந்தால் வெயில் படுகிற பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டிருப்பாய்.

காலையில் எல்லாரும் சோறு கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறார்கள். வெயில் ஏறியதும் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கிறார்கள். முதல் நாள் அப்பா சட்டியில் பாதிச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். "வெளியில உக்காந்து தின்னு ரொம்ப நாளாச்சா, தொண்டை அடைச்சுக்கிச்சு" என்றார். உன்னை நினைத்திருப்பார்.

கேட்டில் சோதனை நின்றதோடு, அங்கே பெண்களைச் சோதிக்கிற என் வேலையும் நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. அதன்பிறகு என் முன்னால் இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று, நீ ஆசைப்பட்டது. நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் கல்யாணமாகி நீலாய்ப் பக்கம் போய்விட்டார். அந்த இடத்துக்கு என்னை வரச் சொல்லிப் பெரிய வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டார். இன்னொன்று, மிஸ் நேசமலர் சொல்லும் வேலை. அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். சிரம்பானிலிருந்து பால்மாவு டின்களோடு வேனில் வருவாரே, அந்த யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டம் தோட்டமாகப் போய், கஷ்டத்தில் இருக்கிற குடும்பங்களைப் பார்த்து உதவுகிற சமூக நல வேலை அவருக்கு. அவரோடு சேர்ந்து வேலை செய்ய ஒரு பெண் வேண்டுமாம். முதலில் கோலாலம்பூரில் சில மாதம் பயிற்சி. இரண்டு பேரும் பதில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "இதுல யோசிக்க என்னடி இருக்கு" என்பாய். "டீச்சரம்மாவோட அம்மான்னு எல்லாரும் என்னைக் கூப்பிடணும்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்? பெற்றதில் உனக்குத் தங்கியது நான் ஒருத்திதான். தமிழ்ப் பள்ளியோடு நிறுத்தலாம் என்ற அப்பாவோடு சண்டை போட்டு என்னைச் சிரம்பானில் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தாய். மலாயாவில் அவசரகாலம் வந்து, காட்டுக்குள் போன கம்யூனிஸ்ட்காரர்கள் நம்ம ரோட்டில் பஸ்ஸைக் கொளுத்தியதும் என் படிப்பு நின்றது. அன்றைக்குத்தான் நீ அழுததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கேள்.

காட்டோரமாக இருந்த நம்ம லயத்து வரிசை வீடுகளை இடித்து, எல்லாரையும் ஆபீஸ் பக்கத்தில் ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். அங்கே நமக்குப் பக்கத்து வீடாக வந்தவர்கள்தான் காத்தானும் அஞ்சலையும். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. (அவர்கள் பெயரை எழுதலாமா என்று கேட்டுவிட்டேன். "தாராளமா எழுது. எங்க கதைதானே" என்றாள் அஞ்சலை.)

காத்தான் பால் வெட்டும் மரங்கள் காட்டை ஒட்டி இருந்தன. அப்போதெல்லாம் சோறு கட்டிக்கொண்டு போக விட்டார்கள். ஒருநாள் காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு வந்தவர்கள் அவன் சோற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு இன்னொரு நாளும் வந்தார்கள். வெளியே சொன்னால் உன் பெண்டாட்டி உயிரோடு இருக்க மாட்டாள் என்றார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சேதி எப்படியோ போலீசுக்குப் போய்விட்டது. காட்டாள்களுக்குச் சோறு போடுகிறவன் என்று அவனைப் பிடித்துத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அஞ்சலை அப்போதுதான் முழுகாமல் இருந்தாள்.

அதற்குப் பிறகு கேட்டுக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. விடிகிற நேரத்தில் வரிசையில் நிற்க வைத்து, உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வேலைக்கு விட்டார்கள். ஆண்களைப் பார்க்கப் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். பெண்களைப் பார்க்க ஒரு பெண் வேண்டும், மலாயும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்தவளாக இருந்தால் நல்லது என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்னைக் கேட்டார். நான் முடியாது என்றேன்.

நீதான் சொன்னாய். "எவளோ ஒருத்தி வெளியிலேர்ந்து வந்து நம்ம பொம்பளைங்க மடியைப் பிரிச்சுப் பாக்கறதுக்கு நீயே பாரு. உனக்காவது கை கூசும்."

அந்த முதல் நாளை நான் எப்படி மறப்பேன்? அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்னக் கொட்டகை, அதற்கு ஒரு சாக்குத் திரை. வரிசையில் நின்ற பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள். எங்கோ பின்னால் நின்ற நீ, எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாய். "வரிசையில வா, வரிசையில வா" என்று ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கத்தினார். நீ காதில் வாங்கவில்லை. திரைக்குள்ளும் வரவில்லை. வெளியிலேயே, எல்லாரும் பார்க்க, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாய்.

"நல்லாப் பாருடி. இந்த வயித்துலதான் நீ இருந்தே. இப்ப உள்ள ஒண்ணும் இல்லை" என்றாய்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருத்தி சிரித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். அன்றிலிருந்து தினமும் நீதான் முதல் ஆள். உன் இடுப்பைத் தொடும்போது கையில் எலும்பு தட்டுப்படும். குழந்தையாக இருந்த காலத்துக்குப் பிறகு உன்னை நான் அவ்வளவு தொட்டது அந்தக் கேட்டில்தான், அம்மா.

பெண்களைத் தொட்டுப் பார்க்கிறவளுக்கு எல்லாம் தெரிந்துபோகும். யார் இளைத்துக்கொண்டே வருகிறாள், யாருக்கு மாதம் தள்ளிப்போயிருக்கிறது, யார் முதுகில் கை பட்டால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள், எல்லாம். நான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அஞ்சலைக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்த சமயம். ஒருநாள் திரைக்குள் அவள் மடியில் கை வைத்தேன். வாழையிலையில் சுற்றிய மரவள்ளிக்கிழங்கு. சூடு ஆறவில்லை.

"யாருக்கும் இல்லை தனம், எனக்குத்தான்" என்றாள். "வெயில் ஏறுனா கண்ணு இருட்டுது. நேத்து மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே நின்னேன்."

பிடித்துக் கொடுத்தால் காத்தான் போன வழியிலேயே அவளும் போவாள். விட்டுவிட்டால், வெளியே வேறு யாராவது கண்டுபிடித்தால், இரண்டு பேரும் போவோம். எனக்கு ஒரு வழிதான் தோன்றியது.

"இங்கேயே தின்னுடு" என்றேன்.

"இங்கயா?"

"கேட்டுக்கு உள்ளதானே இருக்கோம். சீக்கிரம் தின்னு."

அவள் அழுதுகொண்டே மென்றாள். வெளியே வரிசை நகரவில்லை. கேட்டில் நின்ற போலீஸ்காரர் அஸ்மான், ஏன் இவ்வளவு நேரம் என்று மலாயில் குரல் கொடுத்தார். நீ சோதனை முடிந்து அந்தப் பக்கம் போயிருந்தாய். உள்ளே ஏதோ நடக்கிறது என்று உனக்கு எப்படித் தெரிந்ததோ, திடீரென்று உன் சத்தம் கேட்டது. "என் வாளியை எவன் மாத்துனது? இது என் வாளி இல்லை" என்று மண்டோரைப் பிடித்துக்கொண்டாய். அஸ்மானும் அங்கே பார்க்கப் போனார். அஞ்சலை வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போகும்வரை நீ அந்த வாளியை விடவில்லை. அது உன் வாளிதான்.

ஆனால் சாயங்காலம் என்னை என்ன திட்டு திட்டினாய். "உனக்கு எதுக்குடி ஊர் வம்பு? அவ புருஷனைக் கொண்டுபோன மாதிரி உன்னையும் கொண்டுபோனா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?" என்றாய்.

மறுநாள் கிராணியிடம் போய், மாசமாக இருக்கிறவர்களுக்கு வெயிலில் பசியால் கண் இருட்டுகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைத் தோட்டத்து மேனேஜர், வெள்ளைக்காரத் துரையிடம் கூட்டிக்கொண்டு போனார். துரை கெட்டவர் இல்லை. அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். மேசைமேல் துப்பாக்கியை வைத்துக்கொண்டுதான் பேசினார். சாப்பாடு வெளியே போகக் கூடாது, அது அரசாங்க உத்தரவு, என்னால் மாற்ற முடியாது என்றார். வெளியே வேண்டாம், கேட்டுக்கு உள்ளே, ஆள் கூடுகிற பெரட்டுக் களத்திலேயே, பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கு மட்டும் கஞ்சி கொடுத்து அனுப்பலாமே என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அரிசி கொஞ்சம் தருகிறேன், யார் காய்ச்சுவார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ மறுபடியும் திட்ட ஆரம்பித்தாய். திட்டிக்கொண்டே கிளம்பி மாரியம்மன் கோயிலுக்குப் போய், திருவிழாவுக்குக் கஞ்சி காய்ச்சுகிற பெரிய பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாய். பூசாரி பின்னாலேயே ஓடி வந்தார்.

"அம்மனுக்கு வருஷத்துக்கு ஒருக்காத்தானே வேணும். இவளுங்களுக்குத் தெனம் வேணும். நீ போய் அம்மன்கிட்ட சொல்லு, நான் வாங்கிக்கிட்டுப் போனேன்னு" என்றாய். அவர் போய்ச் சொன்னாரோ என்னவோ, பானையைத் திருப்பிக் கேட்கவில்லை.

அப்புறம் கஞ்சி காய்ச்சியது யார்? ஊர் வம்பு வேண்டாம் என்றவள்தான். விடிவதற்கு முன்பே எழுந்து, புகையில் இருமிக்கொண்டு, வரிசையில் நிற்கிற பெண்களை ஒவ்வொருத்தியாக அதட்டிக் குடிக்க வைத்தாய். மாசமாக இல்லாத ஒருத்தி வந்து கையேந்தியபோது ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கு எத்தனாவது மாசம்?" என்றாய். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் ஊற்றினாய்.

அஞ்சலைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மிஸ் நேசமலர் முதல் தடவை நம்ம தோட்டத்துக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். தடுப்பு முகாமில் இருப்பவர்களின் குடும்பங்களைப் பார்க்க வந்திருந்தார். அவரிடம் நீ கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நீ திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாய். வேன் போனபிறகு சொன்னாய், "ஊர் ஊராச் சுத்துனா இப்படித்தான் ஆகும். நீ டீச்சர் வேலைக்குப் போற வழியைப் பாரு."

என் வேலையைப் பற்றி நீ கடைசியாகச் சொன்னது அதுதான். மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, லாரியில் சிரம்பானுக்குக் கொண்டுபோனோம். லாரியில் படுத்துக்கொண்டே டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லி அதட்டினாய். அதனால் நீ பிழைத்துவிடுவாய் என்று நானும் அப்பாவும் நம்பினோம்.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது.

நீ போனதற்கு மறுவாரமே அஞ்சலை அந்தப் பானையை எடுத்துக்கொண்டாள். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவள்தான் காய்ச்சினாள். உன்னை மாதிரி அதட்ட வராது. ஆனாலும் எல்லாரும் குடித்தார்கள்.

கொஞ்ச நாளில் மிஸ் நேசமலர் ஒரு சேதியோடு வந்தார். காத்தானின் விஷயத்தை மறுபடியும் விசாரிக்கப் போகிறார்கள். மிரட்டித்தான் சோற்றைப் பிடுங்கினார்கள் என்று பார்த்தவர்கள் யாராவது வந்து சொன்னால் விடுதலை கிடைக்கலாம். யாரும் சொல்லாவிட்டால், அவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றினாலும் ஏற்றுவார்கள். அவன் பிறந்தது இந்தத் தோட்டத்தில், அங்கே போய் யாரைத் தெரியும்?

"நான் கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கினம் இல்லை" என்றார் மிஸ். "நீர் ஒருக்காக் கேட்டுப் பாருமன்."

என்னைவிடத் தப்பான ஆளை அவர் தேடிப் பிடித்திருக்க முடியாது என்று நினைத்தேன். நான் கேட்டில் நின்று தடவிப் பார்க்கிற கேட்டுக்காரி. அப்படித்தான் என்னைச் சொல்வார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் வீடு வீடாகப் போனேன். சில பேர் எனக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். ஒரு வீட்டில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, "அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே தாயி" என்றார்கள். ஒரு வீட்டில் நான் வருவதைப் பார்த்தே கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. பேசினால் போலீஸ் தங்களையும் சந்தேகப்படுமோ என்று ஒரு பயம். காட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று இன்னொரு பயம். தினமும் சாயங்காலம் அஞ்சலை வாசலில் நின்று என்னைப் பார்ப்பாள். என்ன ஆச்சு என்று கேட்க மாட்டாள். அவள் கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயரை நான் எழுத மாட்டேன். உனக்கும் சொல்ல மாட்டேன், நீ போன இடத்திலும் சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருப்பாய். கேட்டில் அவள் முதுகுப் பக்கம் வந்தால் மட்டும் நான் கையைத் தூக்கிக்கொள்வேன். அவள் புருஷன் அடித்த தடிப்பு சட்டைக்கு மேலேயே கையில் தட்டுப்படும். அப்படி அடி வாங்குகிறவள் இந்தத் தோட்டத்தில் அவள் ஒருத்தி மட்டுமில்லை, அதனால் யாரென்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒருநாள் மத்தியானம் குழாயடியில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். துணியை அலசிக்கொண்டே பேசினாள்.

"காத்தான் விஷயமாக் கேட்டுக்கிட்டுத் திரியிறியாமே."

"ஆமாக்கா."

"நான் பாத்தேன். ரெண்டு தடவையும் பாத்தேன். நெஞ்சுல துப்பாக்கியை வச்சுத்தான் சட்டியைப் புடுங்குனாங்க. அவன் கும்பிட்டான்."

"அதை வந்து சொல்வீங்களா?" என்றேன்.

"சொல்றேன். நீயும் கூட வரணும்."

ஏன் என்னிடம் சொல்கிறாள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டேன். அவள் துணியைப் பிழிந்து உதறினாள்.

"எத்தனை நாள் என் முதுகைப் பாத்திருப்பே? அதைப் பத்தி இந்த லயத்துல ஒரு பேச்சு வரலை. வந்திருந்தா நீதான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். வரலை" என்றாள்.

மிஸ்ஸின் வேனில் மூன்று பேரும் சிரம்பானுக்குப் போனோம். அவள் விசாரித்தவர்களுக்கு முன்னால் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். பெயர் வெளியே வராமல் ஒருத்தி சாட்சி சொல்லியிருக்கிறாள் என்று மிஸ்ஸிடம் கேள்விப்பட்டு, பெரியவர் ஒருவரும் வந்து சொன்னார்.

காத்தானை விட்டுவிட்டார்கள், அம்மா. தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, போலீசில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனையோடுதான் விட்டார்கள். ஆனாலும் வந்துவிட்டான். துணி மூட்டையோடு வாசலில் வந்து நின்றபோது பிள்ளை அவனைப் பார்த்து அலறி அஞ்சலையின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவன் தூக்கப் போகவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டான். பிள்ளை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, மெல்ல வந்து அவன் காதைப் பிடித்து இழுத்தது. அவன் வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டதும் இன்னும் பலமாக இழுத்தது. அஞ்சலை சிரித்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

இந்தச் சந்தோஷத்தில்தான் நான் மிஸ்ஸோடு போக முடிவு செய்தேன் என்று நினைக்காதே. அப்படி இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்ணிடம் போனேன். "உங்க விஷயத்துக்கு நான் என்னக்கா செய்யட்டும்?" என்று கேட்டேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "நீ என்ன செய்வே? போ லா" என்றாள். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் போய் அவள் புருஷனிடம் பேசினால் அன்றைக்கு அவளுக்கு இன்னும் விழும். மண்டோரிடம் சொன்னால் அவன் வேலை போகும், பிள்ளைகள் பட்டினி கிடக்கும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால்? எந்தப் பக்கம் போனாலும் அவள்தான் அடி வாங்குகிறாள். நமக்காகச் சாட்சி சொன்னவளுக்கு என்னால் ஒரு வழி சொல்ல முடியவில்லை.

ஒருநாள் மிஸ் என்னைப் போர்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது, புருஷனிடம் அடி வாங்குகிற ஒருத்திக்கு என்ன செய்யலாம் என்று பெயரைச் சொல்லாமல் அவரிடம் கேட்டேன்.

"என்ன செய்யலாம் எண்டதைப் பயிற்சியில கொஞ்சம் சொல்லித் தருவினம்" என்றார். "மிச்சம் எனக்கும் தெரியாது, தனம். நான் அப்பிடியான வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போறனான். அவ்வளவுதான்."

எல்லாம் தெரிந்தவர் மாதிரி அவர் பேசியிருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்காது.

நீ சொன்ன வேலையையும் நான் ஒதுக்கிவிடவில்லை. ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். "டீச்சர்" என்று பிள்ளைகள் கூப்பிட்டபோது உன் முகம்தான் வந்தது. நல்ல வேலைதான். ஆனால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, கடைசி பெஞ்சில் தினமும் தூங்குகிற பெண்ணின் வீட்டில் என்ன நடக்கிறது என்று மனம் போய்விடுகிறது. பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குக் காய்ச்சல், சின்னப் பிள்ளைகளை ராத்திரியெல்லாம் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லி ஆளை வரவழைத்துவிட்டு வருவதற்குள் இருட்டிவிட்டது. மறுநாளுக்கான பாடத்தை நான் தொடவே இல்லை. பெரிய வாத்தியாரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீ பாடம் நடத்த வரலை தாயி. வீடு பாக்க வந்திருக்கே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெளிந்தது.

பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசாங்கத்து வேனில் போய் இறங்குகிறவளை எந்தப் பக்கத்து ஆள் என்று நினைப்பார்கள்? கல்யாணப் பேச்சு வந்தால் இந்த வேலையைச் சொன்னதும் எத்தனை பேர் எழுந்து போவார்கள்? எல்லாவற்றையும்விட, அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேனே? இதற்கெல்லாம் நீ இருந்தால் என்ன சொல்வாய்?

அப்பாவிடம் சொன்னபோது அவர் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுவதை நிறுத்தவில்லை.

"வீடு வீடாப் போயி அடுத்தவங்க கஷ்டத்தைக் கேக்கிறது ஒரு வேலையா?" என்றார்.

"வேலைதான்பா."

"எங்கிட்டுத் தங்குவே?"

"பொம்பளைப் புள்ளைங்க தங்குற விடுதி இருக்காம். மிஸ் பாத்துக்கிறேன்னு சொன்னாங்க."

கத்தியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தீட்டினார். பிறகு, "உங்கம்மா இருந்தா என்ன சொல்லுவா தெரியுமா?" என்றார்.

"வேணாம்னு கத்துவாங்க."

"கத்துவா. கத்திக்கிட்டே உன் துணியை மடிச்சுப் பொட்டியில வைப்பா." கத்தியின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். "எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். கருவாடு சுடத் தெரியும். நீ போயிட்டு வா."

அவர் சொன்னது சரிதானா, அம்மா? எனக்குச் சரியென்றுதான் படுகிறது. அந்தக் கோயில் பானையைத் தலையில் சுமந்து வந்தவள் என்னைப் போகவிடாமல் இருப்பாளா?

நேற்று அந்தப் பெண்ணிடமும் சொல்லிக்கொள்ளப் போனேன். வாசலில் நின்றபடியே பேசினாள்.

"போனா திரும்ப வருவியா, இல்லை கோலாலம்பூர்லேயே இருந்துடுவியா?"

"இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குத்தான்கா வருவேன்."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்தா இங்க வா. அவரு இல்லாத நேரமாப் பாத்து வா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு என்னிடம் அப்போது பதில் இருக்குமா என்றும் தெரியாது. ஆனால் அவள் கேட்கப் போகிறாள். நேற்று வரைக்கும் அதுகூட இல்லை.

திங்கட்கிழமை காலை சிரம்பான் பஸ் ஏறுகிறேன். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளைப் பார்க்க வருவேன். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறவர்கள் வீட்டுக்கும் மறுபடி போவேன். அப்பாவைப் பார்க்க மாதா மாதம் வந்துவிடுவேன். திவசத்துக்கு உனக்குப் படைக்க எங்கிருந்தாலும் வந்து சேருவேன். உனக்குப் பிடிக்காத இந்த வேலையை, உனக்குப் பிடிக்கிற மாதிரி செய்வேன்.

என்றைக்கும் உன் பிள்ளை,
தனலெட்சுமி